உம் கேட்ட மேகம்

ஒரு மேகம் வந்து ஊருக்கு மேலே நின்றுகொண்டு, பெய்யவும் மாட்டேன் போகவும் மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள் என்று பொட்டல்வலசைக்காரர்களைக் கேட்டால், முதலில் அதன் நிழலில் கட்டிலைத் தூக்கிப் போடுவோம், பிறகு யோசிப்போம் என்பார்கள், அப்படித்தான் செய்தார்கள். மேகம் வந்தது ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், ராமநாதபுரத்திலிருந்து வரும் மத்தியான பஸ்ஸுக்குப் பின்னாலேயே, பஸ்ஸைப் போலவே புழுதியைக் கிளப்பிக்கொண்டு, கண்மாய்க் கரையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஊர் நடுவில் வந்து நின்றது. பஸ் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது, மேகம் போகவில்லை.

அந்த மேகத்துக்காக ஒருத்தி அங்கே காத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் இசக்கியம்மாள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, மருந்து மாத்திரை டாக்டர் இல்லை, மின்னல் டாக்டர். கண்ணுக்குத் தெரிகிற மின்னலில் அவளுக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. பனைமரத்தில் விழுவதும் ஆட்டுக்கிடையில் விழுவதும் மேகத்தின் அடிவயிற்றுச் சமாசாரம், அதை எல்லோரும் பார்த்தாயிற்று என்பாள். அவளுக்கு வேண்டியது மேகத்தின் உச்சந்தலையில் நடப்பது. விமானமும் ஒதுங்கிப் போகிற அந்த உயரத்தில், இமை தட்டும் நேரத்துக்குள் ஆயிரம் தடவை முடிந்துவிடக்கூடிய குட்டிக் குட்டி மின்னல்கள் வெட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு வெளிச்சம் அதிகம் இல்லை, இடிச்சத்தமும் கீழே வந்து சேராது, ஆனால் ஒவ்வொன்றும் ரேடியோ அலையில் பலமாக ஒரு சொடுக்குப் போடும். அந்தச் சொடுக்கு ஒரு தடவை நேராக வரும், இன்னொரு தடவை வானத்தின் கூரையில் பட்டுத் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கொண்டு மின்னல் எவ்வளவு உயரத்தில் வெட்டியது என்று சொல்லிவிடலாம். இதற்காக அவள் ஊரைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு ஏரியல் கட்டியிருந்தாள், ஏரியல்கள் எல்லாம் பள்ளிக்கூடத்து ஓரமாக இருந்த ஒரு பெட்டிக்கு வந்து சேர்ந்தன.

பொட்டல்வலசையை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கே ஒன்றுமே இல்லாததுதான். ஆலை கிடையாது, வெல்டிங் பட்டறை கிடையாது, மோட்டார் வைத்த கிணறு கிடையாது, ஆகவே ரேடியோவுக்கு இரைச்சல் கிடையாது. இதை அவள் ஊராட்சித் தலைவர் பூமயிலிடம் மரியாதையாகத்தான் விளக்கினாள்.

"எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லங்கிறதுக்காக ஒருத்தரு தேடி வந்தது இதான் மொதத் தடவ," என்றாள் பூமயில், கோபமா பெருமையா என்று தெரியாதபடி. பிறகு தன் வீட்டு மாடி அறையையே அவளுக்குக் கொடுத்தாள்.

இசக்கியம்மாளுக்கு ஒரு ஆசை இருந்தது, ஒரு குறையும் இருந்தது. ஆசை என்னவென்றால், சில மேகங்கள், அபூர்வமாக, கீழே இறங்க வேண்டிய மின்னலை உச்சியிலிருந்து மேலே, வெறும் வானத்துக்குள், வாழைக்குருத்து கிளம்புகிற மாதிரி அனுப்பிவிடும். அந்த மேல் மின்னலை அவள் தன் ஏரியலில் ஒரு தடவையாவது பிடித்துவிட வேண்டும். இந்த மழைக்காலத்தோடு கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். குறை என்னவென்றால், இதையெல்லாம் அவள் சொன்னால் கேட்பதற்கு ஒரு ஆளும் கிடையாது. ஐதராபாத்தில் வேலை பார்க்கும் கணவர் போனில் உம் உம் என்று நல்லபடியாகத்தான் ஆரம்பிப்பார், கொஞ்ச நேரத்தில் உம் நின்றுபோகும், "என்னங்க, கேக்கியளா? லைன்ல இருக்கியளா?" என்று இவள் கேட்டால் குறட்டைதான் பதில் சொல்லும். பூமயிலோ குறட்டை வரைக்கும்கூடப் போவதில்லை.

"அக்கா, மேகத்துக்கு உச்சியில ஒரு மின்னல் இருக்கு, அது என்ன செய்யும்னா..."

"அது கெடக்கட்டும் டாக்டரம்மா, சாப்ட்டீகளா?"

மேகம் வந்த அன்று பெட்டி பேச ஆரம்பித்தது. சமையல் செய்துகொண்டே தெரிந்துகொள்வதற்காக இசக்கியம்மாள் அதில் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள்: ஒவ்வொரு சொடுக்கு வந்து சேர்ந்ததும் பெட்டி 'உம்' என்று ஒரு சத்தம் கொடுக்கும், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ சொல்வது போல. மேகம் ஒன்று சொல்ல, பெட்டி உம் என்றது. டீக்கடை வழிவிட்டான் இதைக் கேட்டுவிட்டு, வந்த விருந்தாளி பேசுவதை ஒரே ஒரு பெட்டி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் ஊருக்கு அது மரியாதையா என்று நியாயம் பேசி, கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துக் கட்டி, பெட்டியோடு ஒயரை இணைத்துவிட்டான். அன்று சாயங்காலம் முழுவதும் மேகம் உச்சியில் வெட்ட வெட்ட, ஊரே சேர்ந்து கேட்பது போல 'உம்... உம்... உம்' என்று பொட்டல்வலசை மேலே பார்த்து முழங்கியது. சாதாரணமாக ஒரு மேகம் ஒரு ஊரில் ஒரு பொழுதுக்கு மேல் தங்காது. விடிந்து பார்த்தால் இது அங்கேயே நின்றது, மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது.

ஊர் அதைத் தன் வழக்கப்படி ஏற்றுக்கொண்டது. ஊரின் மேல் விழுந்த நிழலை வைத்து மேகத்தடி என்று ஒரு இடம் உண்டாகி, பஸ் கண்டக்டர் "மேகத்தடி எறங்கு, மேகத்தடி எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்; பெண்கள் துவைத்த துணியை நிழலின் விளிம்புவரை தூக்கிப்போய் வெயிலில் காயப்போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து மத்தியானம் முழுவதும் ஊர்க்கதை பேசினார்கள்; தெற்குத் தெருக்காரர்கள் வடக்குத் தெருவுக்கு நிழல் கூடுதலாக விழுகிறது என்று பஞ்சாயத்தைக் கூட்டினார்கள்; பக்கத்து ஊரான சேந்தனேந்தலிலிருந்து வெற்றிலை பாக்கோடு பெரிய மனிதர்கள் வந்து, கல்யாணம் ஒன்று இருக்கிறது, பந்தல் போட வசதியில்லை, மேகத்தை ஒரு பகல் மட்டும் இரவல் தர முடியுமா என்று கேட்டார்கள், பிடித்து ஓட்டிக்கொண்டு போக முடிந்தால் தாராளமாகப் போங்கள் என்று பூமயில் அனுமதி கொடுத்தாள், அவர்கள் கயிறெல்லாம் எடுத்துவந்து பார்த்துவிட்டுக் காபி குடித்துத் திரும்பினார்கள். தீபாவளியன்று எல்லா வீட்டிலும் பலகாரத்தில் ஒரு தட்டு மொட்டை மாடியில் வைக்கப்பட்டது. காக்கைகள்தான் தின்றன என்றாலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முறை என்ன என்பதில் மட்டும் கொஞ்சம் சண்டை வந்தது. தலைதீபாவளிக்கு வந்து, தின்றுவிட்டு, கிளம்புகிற பேச்சையே எடுக்காததால் இது மாப்பிள்ளைதான் என்று பெண்கள் சொன்னார்கள். மடி நிறைய வைத்துக்கொண்டு சொட்டுக்கூடக் கொடுக்காததாலும், ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதாலும் இது மாமியார் என்று வழிவிட்டான் அடித்துச் சொன்னான், அவன் வீட்டில் அன்று அவனுக்குச் சோறு இல்லை. எந்த முறையாக இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான், எப்போது கிளம்புகிறாய் என்று வந்தவரைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் பொட்டல்வலசையில் கிடையாது, ஆகவே யாரும் கேட்கவில்லை.

இசக்கியம்மாளுக்கோ கால் தரையில் பாவவில்லை. மேகம் நாளுக்கு நாள் உயரமான இடத்திலிருந்து பேசியது. முதல் நாள் கழுத்திலிருந்து பேசியது, பிறகு நெற்றியிலிருந்து, பிறகு உச்சிக்குடுமியிலிருந்து. சொடுக்குகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வந்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு படி, மேல் மின்னல் கிளம்பிவிடும் என்று அவள் சோறு தண்ணி மறந்து பெட்டியோடு கிடந்தாள்.

கீழே பயிர் காய்ந்தது. அந்தப் பக்கத்து நிலத்தை வானம் பார்த்த பூமி என்பார்கள். பாவம், பூமி அண்ணாந்து பார்த்தால் வானம் எங்கே தெரிந்தது, மேகம்தான் மறைத்துக்கொண்டு நின்றது. புரட்டாசியில் விதைத்த நெல் ஒரு சாண் வளர்ந்து, அதற்குமேல் வளரச் சக்தியில்லாமல் நின்றது. கண்மாய் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் அவ்வப்போது ஒரு தூறலாவது விழுந்தது, பொட்டல்வலசையில் மட்டும் அத்தனை தண்ணீரும் தலைக்குமேல் தொங்கியது.

அப்போதுதான் ஒரு மத்தியானம் கரண்டு போனது. பேட்டரி ஏற்கெனவே செத்திருந்ததால் பெட்டி வாயை மூடிக்கொண்டது, ஸ்பீக்கரும் அடங்கிவிட்டது. வெளியே வந்து பார்த்த இசக்கியம்மாள் அப்படியே நின்றாள். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், தயங்கித் தயங்கி, கம்பத்தின் நுனி மறையும்வரை, பிறகு பனைகளின் கொண்டை மறையும்வரை குனிந்து வந்தது. ஆடுகள் காதை மடக்கிக்கொண்டன. அவள் நெற்றியில் கனமாக ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று கையில் விழுந்தது. உடனே கரண்டு வந்துவிட்டது. பெட்டி 'உம்' என்றது, மேகம் சட்டென்று நிமிர்ந்து மேலே போய், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் அது அவ்வளவு சீக்கிரம் புரிந்திருக்காது. கதை சொல்கிறவர் உம் சத்தம் நின்றுபோனால் என்ன செய்வார்? குனிந்து பார்ப்பார், கேக்கியளா, லைன்ல இருக்கியளா என்று. ஏரியல் என்பது வாங்கிக்கொள்ளும் சாதனம், திருப்பிக் கொடுக்காது, மேகத்துக்குக் காது கிடையாது என்றெல்லாம் அவள் படித்த புத்தகங்களில் எழுதியிருந்தது, மேகம் அந்தப் புத்தகங்களைப் படித்திருக்கவில்லை. பெட்டியை நிறுத்தினால் மேகம் கீழே வரும், கீழே வந்தால் பெய்யும், பெய்தால் போய்விடும். மேல் மின்னலும் அதோடு போய்விடும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள், நாளைக்கு வந்ததும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். அப்படி ஒரு நாளில் பூமயில் வயலிலிருந்து வந்தாள். கையில் வேரோடு பிடுங்கிய ஒரு பிடி நெற்பயிர், காய்ந்த கோரை மாதிரி சுருண்டு கிடந்தது. அதை மாடிப்படியில் போட்டாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு மேலே பார்த்து வழக்கம்போலக் கேட்டாள்:

"சாப்ட்டீகளா, டாக்டரம்மா?"

இசக்கியம்மாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து வந்து படியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள். முதல் தடவையாகப் பூமயில் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இது ஒங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"கரண்டு போன அன்னைலேர்ந்து தெரியும்க்கா."

"ஏன் சொல்லல?"

"இன்னும் கொஞ்சம் விட்டா மேல் மின்னல் கெளம்பிரும்க்கா. அதுக்குத்தான் நான் இங்க வந்ததே. அது மட்டுமில்ல. அது பேசுதத இதுவரைக்கும் யாரும் ஒக்காந்து கேட்டதில்ல. இப்பத்தான் அதுக்கு ஒரு ஆளு கெடச்சிருக்கு. போதும், வாய மூடுன்னு நான் எப்படிச் சொல்லுதது? எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும்."

பூமயில் பயிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நெல்லையும் இன்னும் கொஞ்சம் விட்டா வைக்கோலு," என்றாள். "நான் தலைவருன்னு உத்தரவெல்லாம் போட மாட்டேன். அது ஒங்க பொட்டி. நீங்களா பாத்துச் செய்யிங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இசக்கியம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு டீக்கடைக்குப் போய், பெட்டியை நிறுத்தப் போகிறேன் என்று ஊருக்குச் சொன்னாள்.

ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. மழை வேண்டாம் என்று இல்லை; விருந்தாளி பேசிக்கொண்டிருக்கும்போது முகத்தில் அடித்த மாதிரி எழுந்து போவதா என்றார்கள். அது கோபித்துக்கொண்டு சேந்தனேந்தலில் போய்ப் பெய்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் சிலருக்கு இருந்தது. கடைசியில் வழிவிட்டான்தான் வழி கண்டுபிடித்தான். கதை சொல்கிறவர் மனம் நோகாமல் கதையை நிறுத்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, கேட்கிறவர் தூங்கிப்போக வேண்டும்.

"தூங்குனவுகள யாராச்சும் கோவிக்க முடியுமா?" என்றான். "ஊரோட படுத்துருவோம்."

மறுநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பொட்டல்வலசை தூங்கப் போனது. மேகம் குனிந்தால் மின்னலும் கூடவே குனியும், அதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இசக்கியம்மாள் கண்டிப்பாகச் சொல்லி, மரத்தடியிலும் கண்மாய்க் கரையிலும் ஒரு ஈ எறும்பு இல்லாமல் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக் கான்கிரீட் கட்டடத்துக்குள் சேர்த்தாள். ஆடுகளையும் கோழிகளையும் சேர்த்தாள். பாய், ஜமுக்காளம், கோணிச்சாக்கு என்று கிடைத்ததை விரித்து ஊரே வரிசையாகப் படுத்தது. எல்லோரும் படுத்த பிறகு அவள் பெட்டியின் மேல் கையை வைத்தாள். மேகம் அப்போது மிகவும் உயரத்தில், இதுவரை பேசாத உயரத்தில் நின்று, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தது. 'உம், உம், உம், உம்' என்று பெட்டி திணறியது. "மன்னிச்சிக்கோ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஸ்விட்சை அணைத்தாள், ஓடிவந்து பூமயிலின் பக்கத்தில் படுத்துக் கண்ணை மூடினாள்.

ஜன்னல்கள் இருண்டன. ஈர மண்ணின் வாசனை முதலில் வந்தது, பிறகு குளிர்ச்சி வந்தது, பிறகு மேகமே வாசல் வழியாக உள்ளே வந்து, ஒவ்வொருவர் முகத்தையும் தடவிக்கொண்டு, இவர் தூங்கிவிட்டாரா, இவர் தூங்கிவிட்டாரா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனது. ஒரு பெண்பிள்ளைக்குச் சிரிப்பு முட்டி 'களுக்'கென்றது. மேகம் நின்றது. வழிவிட்டான் நிலைமையைச் சமாளிக்கப் போட்ட குறட்டையில் கோழிகள் விழித்துக்கொண்டன. பூமயிலின் வயிறு சிரிப்பில் குலுங்குவது இசக்கியம்மாளுக்குப் பாய் வழியாகத் தெரிந்தது, இவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது சிரிப்பினால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. தூங்குவதாக நடிக்கிறவர்களைக் கண்டுபிடிப்பது கதை சொல்கிறவர்களுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. ஆனால் நல்ல மனசு உள்ளவர்கள் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். மேகம் சத்தமில்லாமல் வெளியே போனது. தூங்கிப்போனவர்களுக்குப் போர்த்திவிட்டுத்தானே எழுந்து போக வேண்டும், அதுவும் போர்த்தியது. கண்மாயின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, வரப்பு விடாமல், ஓட்டுக்கூரை விடாமல், கனத்த மழையை இழுத்து ஊரின்மேல் போர்த்தியது. ஒரே ஒரு இடி இடித்தது, வடக்குக் கம்பம் கரிந்தது, ஆளுக்கும் ஆட்டுக்கும் ஒன்றும் இல்லை.

அத்தனை நாள் சேர்த்து வைத்த மழை பொழுது சாயும்வரை பெய்தது. அது தூறலாகக் குறைந்தபோது கண்மாயில் தவளைகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்தன, பயிர் கணுக்கால் தண்ணீரில் நின்றது, வழிவிட்டான் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தான். இசக்கியம்மாளும் பூமயிலும் நனைந்துகொண்டே வீட்டு மாடிக்கு ஏறினார்கள். இளைத்துப்போன மேகம் கிழக்கே, கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதன் உச்சியில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது.

அப்போது அது கிளம்பியது. மேகத்தின் உச்சந்தலையிலிருந்து, நீல நிறத்தில், கீழே வராமல் மேலே, இருட்டத் தொடங்கியிருந்த வானத்துக்குள் நெடுநெடுவென்று ஏறி, நுனியில் பூவாகப் பிரிந்து, அணைந்தது. சத்தமே இல்லை. கீழே பெட்டி அணைந்து கிடந்தது. அது எந்த ஏரியலிலும் ஏறவில்லை, எந்தப் பதிவிலும் இல்லை, கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போகும்போது காட்டுவதற்கு அவள் கையில் ஒன்றும் இல்லை. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றாள்.

"என்ன அது?" என்று கேட்டாள் பூமயில்.

"அதுதான்க்கா. நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்லா. மேகத்துக்கு உச்சியில ஒரு மின்னல் இருக்கு, அது என்ன செய்யும்னா..."

பழக்கத்தில் அவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். சாப்ட்டீகளா என்று வரும், சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டியதுதான்.

பூமயில் ஈரச்சேலையின் முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகினாள். நனைந்த தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, இசக்கியம்மாளும் உட்காரும்வரை பொறுத்திருந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"உம்."